பெரியவர்கள் பின்னால் வந்தால்

1

போன திங்கட்கிழமை என் சைக்கிளை ஆபீஸில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்க்கும் எங்களைப் போன்ற நர்ஸுகளுக்கு இனிமேல் கார் என்று முடிவாகிவிட்டது. கார் பரீட்சையில் இரண்டாம் முறைதான் தேறினேன். எதிலும் முதல் முறை தேறி எனக்குப் பழக்கமில்லை.

சைக்கிளைத் திருப்பிக் கொடுக்க மூன்று பிரதிகளில் ஒரு படிவம். மணி அடிக்கிறதா, விளக்கு எரிகிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று வரிசையாகக் கேள்விகள். கடைசியில் ‘இதர குறிப்புகள்’ என்று நான்கு விரற்கடை காலி இடம் விட்டிருந்தார்கள். காலி இடத்தைப் பார்த்தால் நிரப்பாமல் வர எனக்கு மனசு வராது. ‘இந்த சைக்கிள்தான் என் பெண்ணை எனக்கு மீட்டுக் கொடுத்தது’ என்று எழுதினேன். குமாஸ்தா அதை இரண்டு முறை படித்தார். “இது உதிரி பாகங்களுக்கான இடம், சிஸ்டர்” என்று சொல்லி, அளவுகோல் வைத்து நேராக ஒரு கோடு போட்டு அடித்தார்.

கூட வந்திருந்த அந்தப் பெண், என் மகள் மலர், “வா அம்மா, எல்லாரும் பார்க்கிறார்கள்” என்று இங்கிலீஷில் பல்லைக் கடித்தாள். பதினாலு வயது. நான் எங்கே நின்றாலும் எல்லாரும் பார்ப்பதாக அவளுக்கு ஒரு நினைப்பு. தமிழ் அவளுக்குப் புரியும், ஆனால் பசித்தால் மட்டும்தான் பேசுவாள்.

குமாஸ்தா அடித்த அந்த ஒரு வரியைத்தான் இங்கே எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஊரில் என்னைத் தெரிந்தவர்கள், “சைக்கிளா? அவளா?” என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். சிரிக்க வேண்டியதுதான்.

2

நான் இங்கிலாந்துக்கு ஆஸ்பத்திரி நர்ஸாக வந்தது அறுபதுகளின் நடுவில். வடக்கே ஒரு மில் ஊர். வீட்டுக்காரர் சிவகங்கையில் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. மலருக்கு அப்போது நாலரை வயது. ஆறு மாதத்தில் இருவரையும் வரவழைத்துக்கொள்வது என்று ஏற்பாடு. வந்த பிறகுதான் தெரிந்தது, நர்ஸுகள் விடுதியில் பூனைக்குக்கூட அனுமதி உண்டு, பிள்ளைக்கு இல்லை. வெளியே வாடகைக்குக் கேட்டால், கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்தவுடன் காலியாக இருந்த அறைக்கெல்லாம் ஆள் வந்துவிடும். இப்படியே இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

அப்போதுதான் பிரசவ நர்ஸ் வேலை ஒன்று காலியானது. வேலையோடு வீடும் உண்டு. இரண்டு அறை, ஒரு சமையற்கட்டு, கரி போட்டு வைக்க ஒரு கொட்டடி. அந்தக் கொட்டடியே எனக்கு அரண்மனையாகத் தெரிந்தது. விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: ‘சைக்கிள் அனுபவம் உண்டா? எத்தனை வருஷம்?’ நான் யோசிக்காமல் ‘பன்னிரண்டு’ என்று எழுதினேன்.

பொய் இல்லை. பிறந்த ஊர் ஒக்கூரிலிருந்து சிவகங்கைப் பள்ளிக்கூடத்துக்கு அப்பாவின் சைக்கிளில், பிறகு வேலைக்கு வீட்டுக்காரரின் சைக்கிளில், ஆக மொத்தம் பன்னிரண்டு வருஷம். பின் கேரியரில். முன்னாலா பின்னாலா என்று அவர்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்லவும் இல்லை.

மேற்பார்வையாளர் மிஸ் பார்க்கர் அறுபது வயதுக்காரர். பஞ்சாக நரைத்த தலை, அதன்மேல் ஊசி குத்திய தொப்பி. “பன்னிரண்டு வருஷமா? மிக நல்லது. அப்படியானால் ஒரு சாலைப் பரீட்சை மட்டும் போதும். நீ முன்னால் சைக்கிளில் போக, நான் பின்னால் காரில் வந்து பார்ப்பேன். ஒரு மாதம் கழித்து வைத்துக்கொள்வோம்” என்றார்.

விடுதியில் என் பக்கத்து அறை பிரிஜெட், அயர்லாந்துப் பெண். விஷயத்தைச் சொன்னதும் கட்டிலில் விழுந்து சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் சைக்கிளை வெளியே எடுத்தாள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் உள்ள பூங்காவில், முப்பத்தோரு வயதில், நீலப் பாவாடையும் காலுறையுமாக நான் சைக்கிள் பழகினேன். மூன்று வாரத்தில் சைக்கிள் ஓட்ட வந்துவிட்டது. அந்த மூன்று வாரத்தில் ரோஜாச் செடிகள் பட்ட பாட்டைத் தோட்டக்காரரிடம்தான் கேட்க வேண்டும்.

பிரச்சினை சைக்கிள் அல்ல. ரோடு.

3

இங்கே என் அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ரோட்டில் எப்படிப் போவது என்று நான் படித்ததெல்லாம் அவர் முதுகைப் பார்த்துத்தான்.

ஒக்கூரிலிருந்து சிவகங்கைக்கு மற்றவர்கள் ஒரு மணி நேரத்தில் மிதித்துவிடுவார்கள். நாங்கள் போய்ச் சேர ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். அப்பா மெதுவாக ஓட்டுகிறவர் இல்லை. இறங்குகிறவர். எதிரே பள்ளிக்கூட வாத்தியார் வந்தால் இறங்குவார். வக்கீல் வந்தால், மணியக்காரர் வந்தால் இறங்குவார். அம்மா பிறந்த ஊர்க்காரர்கள் யார் வந்தாலும், அது கைப்பிள்ளையாக இருந்தாலும், பெண் கொடுத்த ஊர் என்ற மரியாதைக்கு இறங்குவார். செட்டியார் வீட்டுக் கார் வந்தால் இறங்கி, துண்டையும் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொள்வார். ஒருமுறை ஆட்டு மந்தைக்கு இறங்கினார். ஏன் என்று கேட்டேன். “மேய்க்கிறவரு வயசானவரு தாயி” என்றார்.

பஸ்ஸுக்கு இறங்குவது தனிக் கதை. காரைக்குடி பஸ்ஸின் சத்தத்தை அப்பா ஒரு மைலுக்கு முன்னாலேயே கண்டுபிடிப்பார்.

“எறங்கு தாயி, பஸ்ஸு வருது.”

“எங்கப்பா? காணோமே.”

“வரும்ல?”

இறங்கி, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு செம்மண் ஓரத்தையும் தாண்டி, கருவேல முள்ளுக்குள் நிற்போம். பஸ் வரும். புழுதியை எங்கள் தலையில் கொட்டிவிட்டுப் போகும். பள்ளிக்கூடத்தில் முதல் மணிக்கு நான் போன நாட்களை விரல்விட்டு எண்ணலாம். முள் குத்தி டயர் இறங்கிய நாட்களை எண்ண விரல் போதாது.

ஒருநாள் கோபம் வந்து, “நம்ம பாட்டுக்கு ஏறிப் போனா என்னப்பா? அவுகளா நம்மளக் கடிச்சுத் தின்னுருவாக?” என்றேன்.

“பெரிய மனுசரு வாராக. நாம சீட்டுல உக்காந்துக்கிட்டுப் போனா என்ன மருவாதி? எறங்கி நின்னா நமக்கு என்ன கொறஞ்சு போகுது?”

எனக்குத் தினமும் முதல் பீரியடு குறைந்து போயிற்று. அதை அவரிடம் சொல்லவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் ஒரு பக்கம் சிரிப்பும் ஒரு பக்கம் ஆத்திரமும் வருகிறது. அந்த ரோட்டுக்குத் தானும் ஒரு ஆள் என்று அந்த மனுஷர் நினைத்ததே இல்லை.

4

பிரிஜெட்டோடு ரோட்டில் இறங்கிய முதல் நாள், நடைபாதைக் கல்லை உரசிக்கொண்டே போனேன். சாக்கடையின் இரும்பு மூடிக் கம்பிகளுக்குள் முன் சக்கரம் சிக்கியது. அடுத்த தெருவில், நிறுத்தியிருந்த காரின் கதவை யாரோ திறக்க, கைப்பிடி அதில் மாட்டி ஒரு கிழவரின் மடியில் போய் விழாத குறை. ஓரமாகப் போனால் பத்திரம் என்று நினைத்தவளுக்கு ஓரத்தில்தான் அத்தனை ஆபத்தும் காத்துக்கொண்டிருந்தது.

“இன்னும் வெளியே வா. கல்லிலிருந்து ஒரு கை தூரம்” என்று பிரிஜெட் பின்னாலிருந்து கத்தினாள்.

“கார் வருகிறது!”

“அதனால்தான் வரச் சொல்கிறேன்! நீ ஓரத்தில் ஒட்டிக்கொண்டால், பக்கத்தில் நுழைய இடம் இருக்கிறது என்று அவன் நினைப்பான். உன் முழங்கையை உரசிக்கொண்டு நுழைவான். நீ நன்றாக வெளியே வந்து போ. அவன் சுற்றிக்கொண்டு போவான். ரோடு குறுகுகிற இடத்தில் நடுவுக்கே வந்துவிடு. அவன் காத்திருக்கட்டும்.”

கார்க்காரன் எனக்காகக் காத்திருப்பதா! பிரிஜெட்டுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே நினைத்தேன். ஆனால் செய்து பார்த்தேன். முதலில் திரும்பிப் பார்த்து, கையை நீட்டிக் காட்டிவிட்டு, நடுவுக்கு வந்தேன். பின்னால் வந்த ரொட்டி வேன் மெதுவாயிற்று. நிஜமாகவே காத்திருந்தது. அந்த ரொட்டிக்காரரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருந்தது.

வேன் ஓட்டியவர் இளவட்டம். அதனால் இறங்காமல் சமாளித்தேன். எனக்குள் என்ன இருக்கிறது என்பது பரீட்சை அன்றுதான் வெளியே வந்தது.

மிஸ் பார்க்கர் சின்னச் சாம்பல் நிறக் காரில் பின்னால் வந்தார். முதல் தெருவில் நான் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் அந்த நரைத்த தலையும் தொப்பியும். அவ்வளவுதான், என் கால்கள் என்னைக் கேட்காமலே இறங்கிவிட்டன. சைக்கிளை ஓரமாக நிறுத்தி, தலையைக் குனிந்து நின்றேன்.

காரும் நின்றது. அவர் முன்னால் போகட்டும் என்று நான் காத்திருந்தேன். நான் முன்னால் போக வேண்டும் என்று அவர் காத்திருந்தார். காருக்குப் பின்னால் பால் வண்டி நின்றது. அதற்குப் பின்னால் பஸ் நின்றது. மிஸ் பார்க்கர் கண்ணாடியை இறக்கினார்.

“ஏதாவது கோளாறா, சிஸ்டர்?”

“இல்லை, மேடம்.”

“பிறகு ஏன் நிற்கிறாய்?”

“நீங்கள் வருகிறீர்கள், மேடம்.”

“நான் வரத்தான் செய்வேன். இது என் பரீட்சை.”

“ஆமாம் மேடம். நீங்கள் முதலில் போங்கள்.”

“நான் முதலில் போனால் உன்னை எப்படிப் பார்ப்பது?”

ஏறி மிதித்தேன். ரயில் பாலத்துக்கு அடியில் குறுகலான இடத்தில் மறுபடி அந்தக் கார் பக்கத்தில் உறுமியது, மறுபடி இறங்கினேன். நடுவுக்கு வரவேண்டிய இடத்தில் சுவரோடு சுவராக ஒட்டி நின்றேன். ரவுண்டாணாவில் இறங்கினேன். மொத்தம் ஏழு முறை. கடைசி முறை இறங்கியபோது, பால்காரர் தன் வண்டியிலிருந்து இறங்கி வந்து, “இந்த அம்மாளுக்கு உடம்பு சரியில்லையா?” என்று மிஸ் பார்க்கரிடம் விசாரித்தார்.

அறிக்கையில் அவர் எழுதியது இன்னும் என் கோப்பில் இருக்கிறது: ‘இறங்குவதில் நல்ல தேர்ச்சி. ஓட்டுவதைப் பார்க்கப் போதிய வாய்ப்புக் கிடைக்கவில்லை.’ மூன்று வாரத்தில் இன்னொரு பரீட்சை. அதிலும் தவறினால் வேலை, பட்டியலில் அடுத்திருப்பவளுக்கு. வீடும் அவளுக்கு.

5

அந்த மூன்று வாரத்துக்குள் ஊரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. என் வீட்டுக்காரர் எனக்கு எழுதினாலும் கலெக்டருக்கு எழுதுவது போலத்தான் எழுதுவார்.

‘இவ்விடம் யாவரும் நலம். மலர் எடை கூடியிருக்கிறாள். என் அக்காளை இப்போது அம்மா என்றே அழைத்து வருகிறாள். பிள்ளைக்கு அப்படிக் கூப்பிட ஓர் ஆள் வேண்டியிருப்பதால் யாரும் தடை சொல்லவில்லை. உன் போட்டோவைக் காட்டினால் சீமை நர்ஸ் என்று சரியாக அடையாளம் சொல்லுகிறாள். இது தகவலுக்காக.’

தகவலுக்காக! அன்று வார்டில் நான் யாருக்கு என்ன மருந்து கொடுத்தேன் என்று எனக்கே தெரியாது. நல்லவேளை, யாரும் சாகவில்லை. என் பிள்ளை இன்னொருத்தியை அம்மா என்கிறாள். அவளைக் கொண்டுவர எனக்கு ஒரு வீடு வேண்டும். வீட்டுக்கும் எனக்கும் நடுவில் நிற்பது ஒரு சைக்கிள் பரீட்சை. ஒரு கிழவி காரில் பின்னால் வந்தால் நான் இறங்கக் கூடாது, அவ்வளவே. அது என்னால் முடியவில்லை.

அதே உறைக்குள் அப்பா சொல்லச் சொல்ல இவர் எழுதிய ஒரு துண்டும் இருந்தது. அப்பா சொன்னதை இவர் ஓர் எழுத்துக்கூடத் திருத்தவில்லை.

‘தாயி, நீ சைக்கிளு ஓட்டுறியாம்ல. ஓரமாவே போ. பஸ்ஸு சத்தம் கேட்டா எறங்கிக்க. பெரியவுக வந்தா மருவாதியா நடந்துக்க. இங்குட்டு அறுப்பு முடிஞ்சுருச்சு. நேத்து வைக்கலு நாலு பாரம் அடிச்சோம்.’

ஓரமாகப் போகச் சொன்னதைப் படித்து அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஆனால் அந்தக் கடைசி வரியில் என் கண் நின்றுவிட்டது. வைக்கோல் பாரம்.

எனக்குப் பத்து வயதிருக்கும். அறுப்பு முடிந்து, வைக்கோல் ஏற்றிய வண்டியின் உச்சியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அப்பா கீழே மாடுகளை ஓட்டுகிறார். ரோட்டின் நட்ட நடுவில் போகிறோம். பின்னால் அதே காரைக்குடி பஸ், ஹாரன் தொண்டை கிழியக் கத்துகிறது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, “யோவ், வண்டிய ஓரங்கட்டுய்யா!” என்கிறான். ஆட்டு மந்தைக்கு இறங்கிய என் அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“பாரம் இருக்குய்யா. ஓரத்துல எறக்குனா பள்ளத்துல கவுந்துரும். கண்மாய்க் கரைக்கிட்ட அகலமான எடம் வரும், அங்குட்டு விடுறேன். அதுமட்டுக்கும் பொறுங்க.”

பஸ் பொறுத்தது. பஸ்ஸுக்குள் இருந்த வக்கீல்களும் வாத்தியார்களும் பொறுத்தார்கள். கண்மாய்க் கரை வந்ததும் அப்பா வண்டியை ஒதுக்கி, போகச் சொல்லிக் கையைக் காட்டினார். அதில் திமிர் இல்லை, மரியாதைக் குறைவும் இல்லை. பாரம் ஏற்றியவன் கவிழக் கூடாது, அவ்வளவுதான். பிரிஜெட் மூன்று வாரமாகத் தொண்டை வறளக் கத்தியதும் இதைத்தானே!

இரண்டாம் பரீட்சைக்குப் பிரசவப் பையை முழுசாக நிரப்பி, கேரியரில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு போனேன். குழந்தையை நிறுக்கும் தராசு, எனாமல் கிண்ணங்கள், துணிகள், கத்தரி, மருந்துகள்.

“பரீட்சைக்குப் பை தேவையில்லையே, சிஸ்டர்” என்றார் மிஸ் பார்க்கர்.

“எனக்குத் தேவை, மேடம்.”

முதல் தெருவில் திரும்பிப் பார்த்தேன். அதே தொப்பி. கால் துடித்தது. கேரியரில் பை கனத்தது. இறங்கவில்லை. நிறுத்தியிருந்த கார்களின் கதவு தொடாத தூரத்தில், நேராக, உள்ளே வெளியே என்று வளையாமல் போனேன். ரயில் பாலம் வந்தது. கையை நீட்டிக் காட்டிவிட்டு நடுவுக்கு வந்தேன். மிஸ் பார்க்கருக்குப் பின்னால் கரி லாரி ஒன்று ஹாரன் அடித்தது. “பாரம் இருக்குய்யா, பொறுங்க” என்று தமிழில் உரக்கச் சொன்னேன். பாலத்துக்கு அடியில் அது எதிரொலித்து எனக்கே தைரியமாக இருந்தது. பாலம் தாண்டி அகலம் வந்ததும் ஒதுங்கி, போகச் சொல்லிக் கையைக் காட்டினேன். லாரிக்காரர் போகும்போது தொப்பியைத் தொட்டு வணக்கம் வைத்துவிட்டுப் போனார்.

ஆபீஸ் வாசலில் மிஸ் பார்க்கர் காரை நிறுத்தினார். நான் இன்னும் சீட்டில் உட்கார்ந்து, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டிருந்தேன்.

“தேறிவிட்டாய். பாலத்துக்கு அடியில் என்ன கத்தினாய்?”

“எங்கள் ஊர்ச் சாலை விதி, மேடம். இப்போது இறங்கலாமா?”

“தயவுசெய்து இறங்கு” என்றார். அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

6

வீட்டுச் சாவி கையில் வந்த பிறகும் விசா ஆபீஸ்காரர்கள் லேசில் விடவில்லை. மலர் என் பெண்தான் என்பதற்குச் சான்று கேட்டார்கள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பிறந்த நேரம் எழுதிக் கையெழுத்துப் போடும் என்னிடம், என் பிள்ளை பிறந்ததற்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை. அப்பா மணியக்காரர் வீட்டுக்கு ஒன்பது நடை அலைந்து பிறப்புச் சான்று வாங்கி அனுப்பினார். ஒன்பது முறையும் வாசலுக்கு நூறு அடி முன்னாலேயே சைக்கிளை விட்டு இறங்கியிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அவர்கள் வந்த அன்று விமான நிலையத்தில், பயணிகள் வெளியே வரும் குறுகலான பாதையின் முனையில் நின்றேன். வேலையிலிருந்து நேராகப் போனதால் கோட்டும் நர்ஸ் தொப்பியும் அப்படியே இருந்தன. முதலில் வீட்டுக்காரர் தெரிந்தார். சிவகங்கையில் தைத்த கோட்டு, கையில் தகரப் பெட்டி. அவருக்குப் பின்னால் முழங்கால் வரை தொங்கும் ஸ்வெட்டரில் ஒரு பெண், ஏழு வயது. முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. அவை விழுந்தது எனக்குத் தெரியாது.

தடுப்பைத் தாண்டி ஓடினேன். யாரோ பெரிய நர்ஸம்மா அவசரமாக வருவதை மலர் பார்த்தாள். தன் சின்னத் துணிப்பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, சடக்கென்று சுவரோடு சுவராக ஒதுங்கி, தலையைக் குனிந்து நின்றாள். எனக்கு வழி விட்டாள்.

நான் நின்றுவிட்டேன். அவள் நிமிர்ந்து பார்த்து, “நீங்க போங்க” என்று மரியாதையாகச் சொன்னாள்.

பாதையின் நடுவில் மண்டியிட்டு உட்கார்ந்தேன். “நான் எங்கயும் போகல தாயி. நான் ஒன் அம்மா” என்றேன். அவள் தன் அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மலர் சுவரை விட்டு ஓர் அடி வந்தாள். அங்கே நின்று யோசித்தாள். இன்னும் ஓர் அடி வந்தாள்.

பெட்டி வண்டி தள்ளிக்கொண்டு வந்தவர் ஓரமாகப் போகச் சொன்னார். அவருக்குப் பின்னால் ஒரு கூட்டம். சீருடைக்காரர் ஒருவரும் வந்து சொன்னார். நான் நகரவில்லை. அவள் எட்டும் தூரத்துக்கு வரட்டும் என்று இரண்டு கையையும் அகல நீட்டிக்கொண்டு அங்கேயே இருந்தேன். அவர்கள் எல்லாரும் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.